மொட்டை மாடியில் சுட்டுப் பழக விலை குறைந்த கேஸ் ஏர் பிஸ்டல்: எதை வாங்கலாம்?

ஈரோட்டு மாடிவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் என்.சி.சி. முகாமில் ரைஃபிள் சுட்டதோடு சரி, அதன் பிறகு இருபது ஆண்டுகளாகத் துப்பாக்கியைத் தொடவே வாய்க்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில் எட்டு மீட்டர் தொலைவில் காகித இலக்கை வைத்துச் சுட்டுப் பழக விரும்புகிறேன். போட்டிகளுக்குச் செல்லும் எண்ணம் இல்லை. 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பியில் இயங்கும் பிஸ்டல்களில், கையைக் கடிக்காத விலையில் எந்த வகையை வாங்கலாம்? காணொளிகளில் பலரும் கிராஸ்மேன் 2240-ஐப் புகழ்கிறார்கள்.

குறிபார்ப்பவன்

வணக்கம் ஐயா. நீங்கள் குறிப்பிட்ட 2240 நல்ல பிஸ்டல்தான், ஆனால் அதன் குழல் 5.5 மி.மீ. விட்டமுடையது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிகளுக்கே உரிமத்திலிருந்து விலக்கு உண்டு என்பதால், 4.5 மி.மீ. குழலுடையதை மட்டும் பாருங்கள். அரை கிராம் ஈயக் குண்டு நொடிக்கு 120 மீட்டர் வேகத்தில் பாய்ந்தாலும் ஆற்றல் நான்கு ஜூலைக்கூட எட்டாது. காகிதத்தைத் துளைக்க அதுவே தாராளம்.

இரும்பு உருண்டைகளை மட்டும் சுடும் பிஸ்டல்கள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அவற்றின் குழல் உள்ளே வழவழப்பாக இருப்பதால் குண்டுகள் ஓரிடத்தில் விழாமல் சிதறும். குழலின் உட்புறத்தில் திருகுக் கோடு வெட்டிய, ஈய பெல்லட் (ஈயக் குண்டு) சுடும் வகையையே வாங்குங்கள். தட்டையான முனையுள்ள பெல்லட், பஞ்சிங் மெஷின் போட்டதைப் போலக் காகிதத்தில் சுத்தமான வட்டத்தை வெட்டும். ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடு, அதாவது மேல்பகுதி, பின்னுக்குப் போய்வரும் பிஸ்டல்கள் பார்க்க அழகாக இருந்தாலும் அந்த அசைவுக்கே கேஸைச் செலவழிக்கும். அந்த அசைவு இல்லாத பிஸ்டலில் ஒரு குப்பிக்கு 40 முதல் 60 குண்டுகள் வரை சுடலாம். பிஸ்டலின் விலை ஒரு முறைதான், குப்பியின் விலை மாதந்தோறும் வரும். எனவே வாரம் எத்தனை குண்டு சுடுவீர்கள் என்ற கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள்.

வெயிலூர்

நம் ஊர் வெயிலை மறக்க வேண்டாம். குப்பிக்குள் திரவமாக இருக்கும் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 10 டிகிரியில் 45 பார் (அழுத்தத்தின் அலகு), 20 டிகிரியில் 57 பார், 30 டிகிரியில் 72 பார் என்று ஏறிக்கொண்டே போகும். சித்திரை மாதப் பகலில் மாடியில் வைத்துச் சுட்டால் அழுத்தம் மிகுந்து வால்வே திறக்காமல் அடைத்துக்கொள்ளலாம். விரைவாகச் சுட்டால் இதற்கு நேர்மாறாகக் குப்பி குளிர்ந்து வேகம் குறைந்து, குண்டுகள் கீழே இறங்கும். ஆகவே காலையில் சுடுங்கள், ஒவ்வொரு குண்டுக்கும் அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள், குப்பிகளை நிறுத்திவைத்த காருக்குள் வைக்காதீர்கள்.

ஒரு முறை, கேஸ் தீர்ந்துவிட்டது என்று நம்பி அவசரமாகக் குப்பியை இறுக்கும் திருகைக் கழற்றினேன். பீறிட்ட குளிரில் விரல் நுனி வெள்ளையாகி இரண்டு நாள் மரத்துப்போனது. மிச்சம் இருக்கும் கேஸைக் குண்டு போடாமல் சுட்டுத் தீர்த்த பிறகே கழற்றுங்கள். புதுக் குப்பி போடும்போது அதன் கழுத்தில், தயாரிப்பாளர் சொல்லும் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டால் வாஷர் நெடுநாள் உழைக்கும்.

ஈரோட்டு மாடிவாசி

மிக்க நன்றி. இலக்கைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தால் போதுமா?

குறிபார்ப்பவன்

கூடவே கூடாது ஐயா. குறி தவறிய ஒரு குண்டு தெருவில் போகிறவரின் கண்ணைப் பறித்துவிடும். மாடிப்படி அறையின் சுவரை ஒட்டி, படிக்கதவுப் பக்கமாக இல்லாமல், கெட்டியான ப்ளைவுட் பெட்டியில் பழைய போர்வைகளை இறுக்கித் திணித்து, அதன் முன்னால் காகிதத்தை ஒட்டுங்கள். வெறும் செங்கல் சுவரில் பட்டால் குண்டு உங்களை நோக்கியே திரும்பி வரலாம் என்பதால், பக்கத்தில் நிற்பவர்களும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். படிக்கதவைத் தாழிட்ட பிறகே சுடத் தொடங்குங்கள். ஈயத்தைத் தொட்ட கையோடு சாப்பிட வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டிக்கான இலக்கில் நடுவட்டம் 11.5 மி.மீ. மட்டுமே. ஜெராக்ஸ் கடையில் அதை 80 சதவீதமாகச் சுருக்கி எடுத்தால் உங்கள் எட்டு மீட்டருக்குச் சரியாக இருக்கும்.