நாலாவது முறையும் சேர்க்கணுமா?

பல்லடம் தறிக்காரர்:
எங்கள் பட்டறையில் தறி ஓட்டுகிற ஒருவரைக் குடியை நிறுத்த மூன்று முறை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். மூன்று முறையும் பணம் கட்டியது நான். வெளியே வந்து இரண்டாவது சனிக்கிழமை, கூலி கைக்கு வந்ததும் குடித்துவிடுகிறார். இப்போது நாலாவது முறை சேர்க்கச் சொல்லி அவர் மனைவி வந்து நிற்கிறார். போகிற போதெல்லாம் பார்த்த முகங்களே அங்கே படுத்திருக்கின்றன. இதை வைத்தியம் என்று எப்படிச் சொல்வது?

ஈரோடு நர்ஸ்:
சர்க்கரை ஏறி ஒருவர் நாலாவது முறை ஆஸ்பத்திரிக்கு வந்தால் யாரும் இப்படிக் கேட்பதில்லைங்கண்ணா. போதைச் சிகிச்சை முடித்தவர்களில் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் திரும்ப விழுகிறார்கள் என்று 2000-இல் அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமா மறுபடி முற்றுவது 50 முதல் 70 என்றும் அதிலேயே இருக்கிறது.

அப்புறம், பார்த்த முகங்கள் என்றீர்கள். என் கவலையெல்லாம் வராத முகங்களைப் பற்றித்தான். 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட எய்ம்ஸ் கணக்கெடுப்பின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேருக்கு ஒருவர்.

பல்லடம் தறிக்காரர்:
சர்க்கரைக்காரர் பெண்டாட்டியின் தாலிக்கொடியை அடகு வைக்க மாட்டார் அம்மணி.

சோமனூர்க்காரி:
என் தாலிக்கொடியும் அடகுக்குப் போனதுதான். வீட்டுக்காரர் ஐந்து முறை சேர்ந்தார். முதல் முறை வந்த பத்தாம் நாளே குடித்தார். மூன்றாவது முறை நாலு மாதம் தாங்கினார். அந்த நாலு மாதம்தான் எனக்கு நம்பிக்கை கொடுத்தது. இப்போது இரண்டு வருடமாகத் தொடவில்லை. கடைசி முறை மட்டும், வெளியே வந்த பிறகும் பதினைந்து நாளுக்கு ஒருதரம் டாக்டரிடம் போனோம். கூலியை முதலாளி என் கையில் கொடுத்தார்.

அவிநாசித் தம்பி:
மையமெல்லாம் எதற்கு? பத்து நாள் வீட்டில் பூட்டி வைத்தால் சரியாகிவிடும்.

ஈரோடு நர்ஸ்:
வேண்டாம் தம்பி. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம். உயிரே போகலாம்.

பல்லடம் தறிக்காரர்:
சரி, இந்த முறை பாதிப் பணம் தருகிறேன். சனிக்கிழமைக் கூலி இனி அவர் மனைவி கைக்குப் போகும். ஐந்தாவது முறைக்கு என்னிடம் வாக்கு கேட்காதீர்கள்.

சோமனூர்க்காரி:
டாக்டரிடம் போகிற நாளில் அவருக்கு லீவும் கொடுங்கண்ணா.