டெபியனின் தொடக்க காலப் பொதிப் பராமரிப்பாளர்கள்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

நெடுவழி எழுதியது:

1998 ஜூலையில், தன்னார்வலர்கள் உருவாக்கும் இயங்குதளமான டெபியனின் 2.0 பதிப்பு, அதாவது ஹாம், வெளிவந்த சில வாரங்களில் என் கணினியை 1.3-இலிருந்து அதற்கு மாற்றினேன். எல்லாப் பொதிகளும் (நிறுவுவதற்கேற்பக் கட்டிய மென்பொருள்கள்) லிப்சி5 என்ற அடிப்படை நிரலகத்திலிருந்து லிப்சி6-க்குப் பெயர்ந்த அந்த மாற்றத்தில் என்னென்ன உடைந்தன என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு உடைந்தது அச்சு. அமெரிக்காவில் முனைவர் பட்ட ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயில் இருந்தேன். அங்கே அலுவலகத்தில் பக்க விளிம்புகளை அளவுகோல் வைத்துப் பார்த்த பிறகே ஏட்டை வாங்கிக்கொள்வார்கள். என் பக்கங்களிலோ எழுத்தெல்லாம் மேலே ஏறிக் கிடந்தது. நள்ளிரவில், கடுமையான சொற்களோடு ஒரு வழு அறிக்கை, அதாவது மென்பொருள் பிழை பற்றிய முறையீடு, அனுப்பினேன்.

மறுநாளே பராமரிப்பாளரிடமிருந்து பதில் வந்தது. அவர் ஐரோப்பாவில் பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு, இரவில் ஊதியமின்றி அச்சுக்கான பொதியைக் கவனித்துவந்தவர். அச்சுப்பொறிக்குப் பக்கத்தை விவரிக்கும் மொழியான போஸ்ட்ஸ்கிரிப்ட், பக்கத்தை இடது கீழ் மூலையிலிருந்து அளக்கிறது என்றும், அதனால் ஏ4 தாளுக்கென அமைந்த பக்கம் அமெரிக்காவில் வழங்கும், சற்றுக் குட்டையான லெட்டர் தாளில் 18 மில்லிமீட்டர் மேலேறிவிடும் என்றும், தாளளவு அமைப்பை மாற்றினால் போதும் என்றும் பொறுமையாக விளக்கியிருந்தார். மாற்றினேன். 18 சரியாயிற்று; இன்னும் 3 மில்லிமீட்டர் எஞ்சியது. அதைச் சொன்னபோதுதான் நான் இன்றும் மறக்காத அந்த மடல் வந்தது. தம் அலுவலகத்தில் என்னுடையதைப் போன்ற அச்சுப்பொறி இருக்கிறது, ஆனால் தம் ஊர்க் கடைகளில் லெட்டர் தாள் கிடைப்பதில்லை, பத்து வெற்றுத் தாள்களை அஞ்சலில் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அவற்றில் ஒன்று, சோதனைப் பக்கம் அச்சிடப்பட்டு, நான்கு விளிம்புகளிலும் பென்சிலால் அளவு குறிக்கப்பட்டு, என் முகவரிக்குத் திரும்பி வந்தது. திருத்திய பொதியும் அதே வாரம் வந்தது. நான் ஏட்டை அச்சிட்டு, ஒப்படைத்து, வேலையில் சேர்ந்துவிட்டேன். சரியாகிவிட்டது என்று அவருக்கு ஒரு வரி எழுதவில்லை. ஓராண்டுக்குப் பின் அந்த வழுவின் பதிவைப் பார்த்தபோது, அறிவித்தவரிடமிருந்து பதில் இல்லாததால் சரியாகியிருக்கும் என்று கருதி மூடுவதாக அவர் குறித்திருந்தார்.

கார்முகில் எழுதியது:

என்னுடையது சாவிக் கையெழுத்து பற்றியது. சாவி என்பது, பதிவேற்றும் பொதி நம்முடையதே என்று காட்டும் மின்னணு அடையாளம். 1999-இல் புதிய பராமரிப்பாளர்களைச் சேர்ப்பதை நிறுத்திவைத்து, 2000-இல் புதிய நடைமுறையோடு டெபியன் மீண்டும் தொடங்கியது. ஏற்கெனவே உறுப்பினராக உள்ள ஒருவர் நம்மை நேரில் பார்த்து, அடையாளச் சான்றைச் சரிபார்த்து, நம் சாவியில் கையெழுத்திட வேண்டும். ஜெர்மனியில் ஆராய்ச்சி மாணவனாக இருந்த நான், மூன்று மணி நேரம் ரயிலில் பயணம் செய்து அப்படி ஒருவரைச் சந்திக்கச் சென்றேன்.

நிலையத்து உணவகத்தில் என் சாவியின் கைரேகையை, அதாவது அதை அடையாளம் காட்டும் குறியீட்டின் நாற்பது இலக்கங்களையும், இருவரும் மாறி மாறி வாசித்தோம். எல்லாம் ஒத்திருந்தது. பிறகு கடவுச்சீட்டைத் திறந்தார். அதில் குடும்பப்பெயர் என்ற இடத்தில் என் தந்தையின் பெயர் முழுமையாக இருந்தது. சாவியிலோ நம் வழக்கப்படி தலைப்பெழுத்தும் என் பெயரும் மட்டும் இருந்தன. எங்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது, தந்தை பெயரின் முதலெழுத்தையே முன்னால் இடுகிறோம் என்று ஒரு மணி நேரம் விளக்கினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். தாம் அதை முழுவதும் நம்புவதாகவும், ஆயினும் தம் கையெழுத்து நம்பிக்கையைப் பற்றியதன்று, தாம் பார்த்த சான்றைப் பற்றியது என்றும் சொல்லிவிட்டு, கடவுச்சீட்டை மூடி என் பக்கம் நகர்த்தினார். தேநீருக்கு அவரே பணம் கொடுத்தார். நான் புதிய சாவி ஒன்றை உருவாக்கிக்கொண்டு அடுத்த மாதம் மறுபடியும் போனேன். பெயர்களைப் பற்றி இவ்வளவு குறைவாக அறிந்த ஒரு விதிக்காக ஒருவர் மற்றொருவரைத் திருப்பி அனுப்பலாமா என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

ஆழித்தேர் எழுதியது:

நண்பர் கார்முகில் அவர்களுக்கு: கையெழுத்திட மறுத்தவர் செய்தது சரியே. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் உலகெங்கும் உள்ள கணினிகள், உங்கள் பொதியின் நிறுவல் நிரலைக் கணினியின் முழு அதிகாரத்தோடு இயக்கப் போகின்றன. ஒருவருக்காக விதி தளர்ந்தால் மற்றவர்களுடைய கையெழுத்தின் மதிப்பும் சேர்ந்தே குறையும்.

என் கதை சிறியது. 2000-இல் பொட்டேட்டோ, அதாவது டெபியன் 2.2, வெளியீட்டுக்கான உறைநிலையின்போது (வழுத் திருத்தங்களை மட்டும் ஏற்கும் காலம்) நான் இரண்டு வாரம் ஊரில் இல்லை. திரும்பி வந்தபோது, என் பொதியில் இருந்த, வெளியீட்டைத் தடுக்கும் வழு ஒன்றை வேறொரு பராமரிப்பாளர் திருத்திப் பதிவேற்றியிருந்தார். என்னைக் கேட்காமல் எப்படித் தொட்டீர்கள் என்று சினந்து எழுதினேன். அனுப்பிய பிறகே மாற்றத்தைப் பிரித்துப் பார்த்தேன்: ஒரே ஒரு வரி. மாற்றக்குறிப்பில் என் பெயரைச் சொல்லி மன்னிப்பும் கேட்டிருந்தார்.

இங்கே சிலவற்றைச் சொல்வது பயன்படும் என்று நினைக்கிறேன். முதலாவதாக, பெயர் மாறுபட்டால் புதிய சாவி தேவையில்லை. ஒரே சாவியில் பல பயனர் அடையாளங்களைச் சேர்க்கலாம் என்பதால், கடவுச்சீட்டில் உள்ளபடி இரண்டாவது பெயரைச் சேர்த்து அதற்கு மட்டும் கையெழுத்து வாங்கியிருக்கலாம். சாவியை உருவாக்கும் அன்றே அதைச் செல்லாததாக்கும் சான்றையும் அச்சிட்டுப் பத்திரப்படுத்த வேண்டும். வழு அறிவிப்பவர்கள் ஓர் அறிக்கையில் ஒரு வழுவை மட்டும், பொதியின் பதிப்பு எண்ணோடு எழுத வேண்டும். கைவிடப்பட்ட பொதியை ஏற்பவர்கள், நிரலைத் தொடுமுன் மாற்றக்குறிப்பை முதல் பதிவிலிருந்து படித்து, எந்த ஒட்டு, அதாவது நிரலில் சேர்த்த திருத்தம், எதற்காக வந்தது என்று அறிந்து, மூல ஆசிரியருக்கு அறிமுக மடல் எழுதி, அதன் பிறகே பராமரிப்பாளர் என்ற இடத்தில் தம் பெயரை இட வேண்டும். உரிமக் கோப்பை வரிவரியாகப் படிக்க வேண்டும். 1998-இல் கேடிஇ என்ற மேசைத்தள மென்பொருள் முழுவதையும் டெபியன் தன் களஞ்சியத்திலிருந்து நீக்கியது நிரலில் குறை இருந்ததால் அன்று, அது சார்ந்திருந்த க்யூட்டி நிரலகத்தின் உரிமம் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தோடு பொருந்தாததால்தான். கடைசியாக, இரண்டு வாரத்துக்குள் பதில் எழுத இயலாதவர்கள் பொதியைப் பிறருக்கு விட்டுக்கொடுப்பதே முறை. நெடுவழி அவர்களின் 3 மில்லிமீட்டரும் அச்சுப்பொறி தாளை இழுப்பதில் உள்ள பிழையாகவே இருந்திருக்கும்; அது வழுவே அன்று.

செம்பருத்தி எழுதியது:

இரண்டு வாரக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. பொட்டேட்டோவில் ஏறத்தாழ 3,900 பொதிகள் இருந்தன. அவற்றைத் தாங்கியவர்கள் 450-க்குச் சற்று மேற்பட்ட தன்னார்வலர்கள். அவர்களில் யார் எந்த நிலையிலிருந்து எழுதினார்கள் என்று நமக்குத் தெரியாது.

அந்த ஆண்டு வேனிலில், நீங்கள் சொல்கிற அதே அறிவுரையை ஒரு பராமரிப்பாளருக்கு நானும் எழுதினேன்: நேரமில்லையென்றால் பொதியைக் கொடுத்துவிடுங்கள். மறுநாள் அவர் கொடுத்துவிட்டார். திறந்திருந்த வழுக்கள் ஒவ்வொன்றிலும், அதுவரை தாம் கண்டறிந்ததையும், எந்தக் கோப்பில் தேட வேண்டும் என்பதையும் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். அந்தக் குறிப்புகளை ஒரே மூச்சில் படித்தேன். அவர் ஒரு நாள்கூடச் சும்மா இருக்கவில்லை என்பது அவற்றில் தெரிந்தது. பொதியை வேறு யாரும் ஏற்கவில்லை. எனக்கும் அதற்கான திறமை இல்லை.

ஜூலை 11 அன்று எஸ்பி என்று அறியப்பட்ட ஜோயல் கிளெக்கர் தமது 21-ஆம் வயதில் மறைந்தார். ஜிலிப்சி என்ற அடிப்படை நிரலகப் பொதியையும், பவர்பிசி வகைக் கணினிகளுக்கான டெபியன் பணியையும் பார்த்துக்கொண்டவர் என்று மட்டுமே பெரும்பாலோர் அவரை அறிந்திருந்தனர். தசைச் சிதைவு நோயோடு அவர் அதைச் செய்தார் என்பது மறைவுக்குப் பிறகே தெரிந்தது. ஆகஸ்டில் வெளிவந்த பொட்டேட்டோ அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. எனக்கு அவரோடு தொடர்பு இருந்ததில்லை. ஆனால் அந்த அறிவிப்பைப் படித்த இரவில், வேறொருவருக்கு நான் எழுதிய அந்த மடலைத் தேடி எடுத்துப் படித்தேன். அந்தப் பராமரிப்பாளர் ஏன் தாமதித்தார் என்று நான் கேட்கவே இல்லை, ஐயா. இன்றுவரை தெரியாது.

நெடுவழி எழுதியது:

ஆழித்தேர் அவர்களுக்கு மட்டும் ஒரு விளக்கம். அது தாள் இழுப்புப் பிழையன்று. அந்த அச்சுப்பொறியால் அச்சிட இயலாத மேல் விளிம்பு பொதியின் அமைப்புக் கோப்பில் தவறாகக் கணக்கிடப்பட்டிருந்தது. அந்தப் பராமரிப்பாளர் அளந்து கண்டதும் திருத்தியதும் அதைத்தான். தாள் இப்போது என் மேசையில் இருக்கிறது. பென்சில் சற்று மங்கியிருந்தாலும் எண்களைப் படிக்க முடிகிறது. கீழ் விளிம்பில், சோதனைக்கு நான்கு தாள்கள் போதுமானதாக இருந்தன என்றும், லெட்டர் தாளில் வேறு யாராவது வழு அறிவித்தால் தேவைப்படும் என்பதால் மீதி ஆறையும் எடுத்து வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார்.