குரல்நாண் வாதமா, குரல் ஓய்ச்சலா?

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களால், தொண்டையில் ஒலி எழுப்பும் குரல்நாண்கள் வலுவிழப்பதைக் ‘குரல்நாண் வாதம்’ என்று சொல்லலாம் எனப் பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் சிறிதும் உடன்பாடு இல்லை. வாதம் என்றதும் நோயாளியின் மனத்தில் பக்கவாதம்தான் வந்து நிற்கும். போதாததற்கு, முடக்குவாதமும் ஒரு தன்னெதிர்ப்பு நோய். அதுவும் சிலருக்குக் குரலைக் கம்ம வைக்கும். ஆனால் அங்கே குரல்நாண்களைத் திறந்து மூட உதவும் சின்னஞ்சிறு மூட்டு வீங்கி இறுகிவிடுகிறது. தசையில் வலு இருந்தும் நாண் அசைவதில்லை. அதைக் ‘குரல்வளை மூட்டிறுக்கம்’ என்று தனியே சொல்வோம்.

நாம் பெயர் தேடுவது மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசை வலுவிழப்பு நோயில் வரும் குரல் தளர்ச்சிக்கு. அங்கே நடப்பது வேறு. நரம்பு அனுப்பும் செய்தியைத் தசை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை உடலின் எதிர்ப்பொருள்களே தாக்குகின்றன. முதலில் தசை ஒழுங்காகச் சுருங்கும். வேலை வாங்க வாங்க வலு வடியும். சற்று விட்டுவைத்தால் மீளும். 1672இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் இப்படி ஒரு பெண்ணைக் குறித்து எழுதியிருக்கிறார். நெடுநேரம் பேசினால் அவர் மீனைப்போல் ஊமையாகிவிடுவாராம். ஓரிரு மணிநேரம் கழிந்தே குரல் திரும்புமாம்.

இதே நோய் வந்த என் சின்னம்மா பள்ளி ஆசிரியை. காலை முதல் வகுப்பில் கணீரென்று பாடம் நடத்துவார். மதியத்துக்குள் மூக்கால் பேசத் தொடங்குவார். அதன்பின் வெறும் காற்றுதான் வரும். தொண்டைப் புண் என்று சொல்லி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். “பேசப் பேசக் குரல் ஓய்ந்துபோகிறது, வாயை மூடியிருந்தால் வந்துவிடுகிறது” என்று அவர் தொடக்கத்திலேயே சொன்னார். நோயின் இயல்பு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. நாங்கள்தான் காது கொடுக்கவில்லை.

அவர் வாயிலிருந்து வந்ததையே எடுத்துக்கொள்வோம்: குரல் ஓய்ச்சல். மாவாட்டிக் கை ஓய்ந்தது, நடந்து கால் ஓய்ந்தது என்கிறோம். களைப்பு ஆளுக்கு வருவது. ஓய்ச்சல் உழைத்த உறுப்புக்கு வருவது. ‘ஓய்ச்சல் ஒழிவு இல்லாமல்’ என்னும் வழக்கில் அது இளைப்பாறுதலைக் குறிக்கிறதே என்று கேட்கலாம். குரல் என்ற சொல் முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது.

‘குரல்நாண்’ என்பதா, ‘குரல்மடிப்பு’ என்பதா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: 1741இல் பிரெஞ்சு உடற்கூற்றாளர் ஃபெரேன் அவற்றை இசைக்கருவியின் தந்திகளாகக் கருதியதிலிருந்து வந்த பெயர் நாண். மடிப்பு என்பதே உடற்கூற்றின்படி சரி. ஆனாலும் பாடநூல்களில் ஊன்றிவிட்ட சொல்லை இதற்காக அசைக்க வேண்டியதில்லை.

மருத்துவ நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நோயாளியிடம் “பேசப் பேசக் குரல் ஓய்கிறதா?” என்று நேராகக் கேட்க இந்தச் சொல் கைகொடுக்குமா? இதே நோயில் மாலைக்குள் கண்ணிமை சரிவதையும் ‘இமை ஓய்ச்சல்’ என்று சொல்லலாமா?