பாத்ரூம் லைட்டு ஹோல்டர நாமளே மாத்தலாமா, ஆள் கூப்பிடணுமா?

கடலூர்க்காரன்:
வீடு தேவனாம்பட்டினம், கடலுக்கு நடந்தே போயிரலாம், உப்புக்காத்து என்ன பண்ணும்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு சொல்லத் தேவையில்ல. பாத்ரூம் லைட்டு ஒரு மாசமா மினுக்கிக்கிட்டே இருந்து இப்ப சுத்தமா எரியல. பல்ப கழட்டிப் பாத்தா ஹோல்டர் உள்ள பித்தளை பூரா பச்சை பூத்துக் கெடக்கு, ஒரு பின்னு உள்ள போனது வெளிய வரவே மாட்டேங்குது, ஒரு குட்டிப் பல்லி வேற காஞ்சு போய் ஒட்டியிருக்கு. எலக்ட்ரீஷியன் பத்து நாளா "நாளைக்கு வரேண்ணே"ங்கறாரு. மூடி போட்ட எல்இடி லைட்டு வாங்கி வச்சிட்டேன். ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டு நானே மாத்திரலாமா? அம்மா சார்ஜ் லைட்ட பக்கெட்ட கவுத்துப்போட்டு அது மேல வச்சு குளிக்கிறாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு.

ஆணிபுடுங்கி:
தாராளமா மாத்து தல. ரெண்டு வயரு ரெண்டு ஸ்க்ரூ, இதுக்குப் போயி ஒருத்தனுக்கு 400 ரூபா அழணுமா? முத்தியால்பேட்டைல வாடகை வீட்ல இதுவரைக்கும் நாலு லைட்டு ஒரு ஃபேன் மாத்தியிருக்கேன். ஸ்விட்ச ஆஃப் பண்ணு, ரப்பர் செருப்ப மாட்டு, வேலைய முடி.

லாஸ்பேட்டை வயர்மேன்:
தம்பி சொல்றத கேட்டு ஏணியில ஏறிடாதீங்க. 22 வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், பழைய வீடுங்கள்ல ஸ்விட்ச நியூட்ரல்ல, அதாவது கரண்ட் திரும்பிப் போற வயர்ல போட்டுட்டு, கரண்ட் வர்ற ஃபேஸ் வயர நேரா ஹோல்டருக்கு விட்டிருக்கறத எத்தனையோ தடவ பாத்துட்டேன். ஸ்விட்ச தட்டினா லைட்டு அணையும், ஹோல்டர்ல 230 வோல்ட் அப்படியே நிக்கும். செருப்பு போட்டா காலு தப்பிச்சிதுன்னு வைங்க, இன்னொரு கை ஈரச் சுவத்துலயோ குழாய்லயோ இருந்தா என்ன பண்ணுவீங்க?

ஆணிபுடுங்கி:
சரிண்ணே, ஸ்விட்ச் வேணாம், மெயினயே இறக்கிட்டா? அதுவுமில்லாம எங்க வீட்ல எம்சிபி இருக்கு, ஷாக் அடிச்சா அதுவே ட்ரிப் ஆயிடும்.

லாஸ்பேட்டை வயர்மேன்:
ஆகாது. இதத்தான் முக்காவாசி பேரு தப்பா நினைச்சிட்டிருக்காங்க. எம்சிபி இருக்கறது வயர் எரியாம இருக்கத்தான், ஆள காப்பாத்த இல்ல. லைட்டு லைனுக்கு 6 ஆம்பியரோ 10 ஆம்பியரோ போட்டிருப்பாங்க, 10 ஆம்பியர்னா 10,000 மில்லி ஆம்பியர். ஆள் உயிர் போக அதுல நூத்துல ஒரு பங்கு நெஞ்சு வழியா போனாலே போதும், எம்சிபி கண்டுக்கவே கண்டுக்காது. ஆளுக்குன்னு இருக்கறது ஆர்சிசிபி. போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டாலே கட் பண்ணிடும். அதுலயும் ஒண்ணு இருக்கு, ஒரு கையில ஃபேஸ் இன்னொரு கையில நியூட்ரல்னு புடிச்சா போறதும் வர்றதும் சமமாத்தான் இருக்கும், அப்ப அதுக்கும் தெரியாது.

மஞ்சக்குப்பம் அக்கா:
மெயின இறக்கிட்டா போதும்னுதான் எங்க வீட்டுக்காரரும் ஏறினாரு. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல இருட்டுலயே கெடந்தோமே, அதுக்கப்புறம் வாங்கினது இன்வெர்ட்டர். மெயின் போன உடனே அது கரண்ட் குடுக்க ஆரம்பிச்சிடுச்சு, ஹால்ல ஃபேன் பாட்டுக்கு சுத்திக்கிட்டு இருக்கு, ரெண்டு பேருமே கவனிக்கல. முழங்கை வரைக்கும் இழுத்துச்சாம். ஸ்டூல் ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம், மணிக்கட்டு வீங்கி ஒரு வாரம் நான்தான் சோறு பிசைஞ்சு குடுத்தேன்.

லாஸ்பேட்டை வயர்மேன்:
அக்கா சரியான எடத்த புடிச்சாங்க. அதேமாதிரி மெயின விட்டுட்டு இன்வெர்ட்டர் பட்டன மட்டும் அமுக்கினாலும் பிரயோஜனமில்ல, முக்காவாசி மெஷின்ல ஈபி கரண்ட் அது வழியாவே போயிட்டுதான் இருக்கும். ரெண்டையும் ஆஃப் பண்ணணும்.

டெஸ்டர் மாமா:
ரெண்டையும் ஆஃப் பண்ணாலும் டெஸ்டர் வைக்காம கை வைக்காதீங்க மாப்ள. ஆஃப் பண்றதுக்கு முன்னாடி கரண்ட் இருக்கற பிளக் பாயின்ட்ல வச்சு டெஸ்டரே எரியுதான்னு பாருங்க, அப்புறம் ஹோல்டர்ல ரெண்டு பக்கமும் வைங்க, முடிச்சதும் திரும்ப கரண்ட் இருக்கற எடத்துல ஒரு தடவ. பகல் வெளிச்சத்துல அந்த சிவப்பு கண்ணுக்கே தெரியாது, கைய மறைச்சு வச்சுப் பாக்கணும். நான் வயர்மேன் கட்சியும் இல்ல தம்பி கட்சியும் இல்ல, இதெல்லாம் பொறுமையா செய்யறவன் தானே மாத்தலாம், அவசரக்காரன் 400 ரூபாய எடுத்து வைக்கட்டும்.

ஆணிபுடுங்கி:
எம்சிபி மேட்டர் எனக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், வர்ற ஆளுங்க மட்டும் ஒழுங்கா? எங்க வீட்டுக்கு வந்தவரு வயர முறுக்கி டேப்ப சுத்திட்டுப் போனாரு, மழைக்காலம் முடியறதுக்குள்ள டேப்பு பிசுபிசுன்னு கழண்டு தொங்குச்சு. நான்தான் கனெக்டர் வாங்கிப் போட்டேன்.

லாஸ்பேட்டை வயர்மேன்:
அது வேலை இல்ல, மறுக்கல. உப்புக்காத்துல டேப் ஜாயின்ட் நிக்காது, கனெக்டர்தான் சரி. லைட்டு வாங்கறப்பவும் அட்டையில ஐபி நம்பர், அதாவது தூசி, தண்ணி உள்ள போகாம எவ்வளவு தடுக்கும்ங்கற அளவு, ஐபி44க்குக் குறையாம இருக்கான்னு பாக்கணும், ஷவர் பக்கத்துலன்னா ஐபி65 எடுத்துடறது நல்லது. மெட்டல் பாடின்னா பச்ச வயர் எர்த்து கண்டிப்பா குடுக்கணும், சும்மா மடக்கி உள்ள தள்ளக் கூடாது.

கடலூர்க்காரன்:
இன்னிக்கி காலைல நடந்தத சொல்றேன். எதையும் இறக்காம, ஸ்விட்ச மட்டும் ஆஃப்ல வச்சு ஹோல்டர்ல டெஸ்டர் வச்சேன். எரியுது! ஸ்விட்ச போட்டாலும் எரியுது, நிறுத்தினாலும் எரியுது. வேர்த்துடுச்சு. அப்புறம் மெயின், இன்வெர்ட்டர் ரெண்டையும் ஆஃப் பண்ணி, மாமா சொன்ன மாதிரி மூணு தடவ பாத்துட்டுதான் கழட்டினேன். ரெண்டு வயரும் சிவப்பு, எது ஃபேஸுன்னே தெரியல, மேல்தோல் தொட்டா அப்பளம் மாதிரி உதிருது. உதிர்ந்தத வெட்டி எடுத்தா மிச்ச வயரு எட்டாது போல. இதுக்கு மேல என்னால ஆகாதுன்னு ரெண்டு முனைக்கும் தனித்தனி கனெக்டர் மாட்டி மூடிட்டு, அந்த லைனோட எம்சிபிய ஆஃப்லயே விட்டு வச்சிருக்கேன்.

ஆணிபுடுங்கி:
நல்லவேளை தல. ஆனா வயர்மேன் அண்ணே, அந்த ஸ்விட்ச நியூட்ரல்ல போட்டது யாரு, உங்க தொழில்காரர்தான?

லாஸ்பேட்டை வயர்மேன்:
ஆமா தம்பி, எங்காளுதான், என்ன பண்றது. கடலூர்க்காரரே, வயர் அந்த நெலமைன்னா லைட்ட மட்டும் மாத்திப் பிரயோஜனமில்ல, ஸ்விட்ச் பாக்ஸ்ல இருந்து புது வயர் இழுத்து ஃபேஸ ஸ்விட்சுக்கு மாத்தணும். உங்க எலக்ட்ரீஷியன்கிட்ட இதயே சொல்லுங்க.

கடலூர்க்காரன்:
சொன்னேன்ணே. நாளைக்கு வரேன்னாரு. எந்த நாளைக்குன்னு அம்மா கேக்கறாங்க.