மடிப்புக் கேமரா லென்ஸையும் 6×7 பேக்கையும் இணைத்து ஒரு கேமரா: தூரத்தை எப்படிப் பிடிப்பது?

பிலிம்சுருள்:
வணக்கம். என்னிடம் ஒரு பழைய 6×9 மடிப்புக் கேமரா இருக்கிறது. பெல்லோஸ் (லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே உள்ள மடிப்புத் துருத்தி) முழுக்கக் கிழிந்துவிட்டது, லென்ஸைத் தாங்கும் கைகள் வளைந்திருக்கின்றன, பின்மூடியே இல்லை. ஆனால் 105 மி.மீ. எஃப் 4.5 லென்ஸ் மட்டும் பூஞ்சையோ கீறலோ இல்லாமல் பளிச்சென்று இருக்கிறது. டெசார் வகை (நான்கு கண்ணாடி), முன்கண்ணாடியைத் திருகி ஃபோகஸ் செய்வது, லென்ஸோடு சேர்ந்த காம்பர் இதழ் ஷட்டர். கூடவே உடம்பில்லாமல் தனியாக ஒரு மமியா ஆர்பி67 பேக்கும் (பிலிமைத் தாங்கும் பின்பகுதி, 6×7 செ.மீ. படம்) கிடைத்தது. 120 பிலிமில் 10 படம் விழும். இரண்டையும் ஒரு பெட்டியில் பொருத்தி, கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி ஒரு கேமரா செய்ய வேண்டும்.

லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே 105 மி.மீ. விட்டால் போதுமா? லென்ஸை முன்பின் நகர்த்தும் திருகு வளையமான ஹெலிகாய்டு வாங்கியே ஆக வேண்டுமா? த்ரீடி பிரிண்ட் பெட்டி வெளிச்சத்தைத் தடுக்குமா, அலுமினியத்துக்குப் போக வேண்டுமா?

பித்தளைவளையம்:
நல்ல ஜோடி. 6×9 படத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 101 மி.மீ., 6×7க்கு 90 மி.மீ. அதனால் அந்த லென்ஸ் உங்கள் பேக்கை மூலை இருட்டில்லாமல் மூடும்.

முதலில் ஒன்று, அந்தக் கேமராவிலிருந்து லென்ஸை இன்னும் கழற்றவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். 105 என்று பொறித்திருப்பதை வைத்துப் பெட்டி செய்யாதீர்கள். அந்த 105 லென்ஸுக்கு உள்ளே எங்கோ இருக்கிற ஒரு புள்ளியிலிருந்து கணக்காகிறது, அதை வெளியிலிருந்து தொட்டு அளக்க முடியாது, போதாததற்கு உண்மையான குவியத் தூரமும் பொறித்த எண்ணிலிருந்து சற்று விலகியிருக்கலாம். உங்களுக்கு வேண்டியது ஷட்டர் உட்காரும் தகட்டிலிருந்து பிலிம் ஓடும் உள் தண்டவாளம் வரை உள்ள தூரம். தொழிற்சாலையில் சரிபார்த்து வைத்த அளவு அதுதான், பழைய உடம்பிலேயே இருக்கிறது. வளைந்த கைகளை முடிந்தவரை நிமிர்த்தி, வெர்னியர் காலிபரால் நாலு மூலையிலும் அளந்து எழுதி வையுங்கள். கைகள் வளைந்திருப்பதால் இது தோராயம்தான், ஆனாலும் தொடங்க நல்ல இடம். அப்புறம் ஆர்பி பேக்கின் முகத்திலிருந்து பிலிம் தளம் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்து, முதல் அளவிலிருந்து கழித்தால் பெட்டியின் ஆழம் வந்துவிடும்.

பெட்டியை அதைவிட ஒரு மி.மீ. குறைவாகவே செய்யுங்கள். குறைந்தால் லென்ஸ் பலகைக்கு அடியில் ஷிம் (மெல்லிய துண்டு) வைத்து ஏற்றிக்கொள்ளலாம், கூடிவிட்டால் அரத்தை எடுக்க வேண்டியதுதான். சாதாரண அச்சுக் காகிதம் ஏறத்தாழ 0.1 மி.மீ. கனம், சோதனைக்கு அதுவே போதும். சரியான அளவு தெரிந்தபின் பித்தளைத் தகட்டுக்கு மாறுங்கள்.

இருட்டறை_வாசி:
தூரத்தைப் பற்றி மேலே சொன்னது முழுக்கச் சரி. ஹெலிகாய்டு விஷயத்தில் என் கருத்தையும் சொல்கிறேன். முன்கண்ணாடி ஃபோகஸ் வேலை செய்யும், பணமும் மிச்சம். ஆனால் அது கண்ணாடிகளுக்கு இடையே உள்ள இடைவெளியை மாற்றித்தான் ஃபோகஸ் செய்கிறது, அதனால் கிட்டத்தில், அதுவும் முழுத் திறப்பான எஃப் 4.5இல், படத்தின் கூர்மை குறையும். ஆட்களை எடுக்கிறவர் என்றால் முன்கண்ணாடியை முடிவிலியில் (வெகு தூரத்துப் பொருள் கூர்மையாகும் நிலை) பூட்டிவிட்டு, எம்65 (65 மி.மீ.) திருகுமரை கொண்ட, 17இலிருந்து 31 மி.மீ. வரை நீளும் ஹெலிகாய்டு ஒன்றைப் போடுங்கள். அதன் 14 மி.மீ. ஓட்டம் 105 லென்ஸை ஏறத்தாழ 90 செ.மீ. வரை கொண்டுவரும். தெருவும் நிலக்காட்சியும்தான் என்றால் வேண்டாம், எஃப் 11இல் வித்தியாசம் தெரியாது.

ஷட்டரையும் பார்த்துவிடுங்கள். ஒரு வினாடி, அரை வினாடி எல்லாம் இழுத்துக்கொண்டு நின்றால் உள்ளே பழைய கிரீஸ் இறுகியிருக்கிறது. நாஃப்தாவில் கழுவ வேண்டும், இதழ்களில் எண்ணெய் படவே கூடாது. உச்ச வேகத்துக்குப் போவதானால் ஷட்டரை ஏற்றுவதற்கு முன்பே வளையத்தைத் திருப்புங்கள், பல காம்பர்களில் அந்த வேகத்துக்குத் தனி ஸ்பிரிங் இருக்கிறது. வேகத்தைச் சோதிக்க வினாடிக்கு 240 பிரேம் எடுக்கும் ஃபோன் வீடியோ 1/30 வரை உதவும். 1/125இல் இரண்டே பிரேம்தான் விழும், அதை நம்ப முடியாது.

பிலிம்சுருள்:
மிக்க நன்றி, இரண்டு பேருக்கும். அட்டையில் ஒரு பெட்டி ஒட்டி, பிலிம் தளம் வரும் இடத்தில் மங்கலான ஒட்டுநாடா போட்டுப் பார்த்தேன். நடுவில் தூரத்துக் கட்டடம் கூர்மையாக வருகிறது, ஆனால் இடது ஓரம் மங்கல். லென்ஸ் குறையா?

பித்தளைவளையம்:
லென்ஸைப் பழிக்கும் முன் அதை மட்டும் 180 பாகை சுழற்றிப் பாருங்கள். மங்கல் வலப்பக்கம் போனால் லென்ஸ், அங்கேயே நின்றால் பலகை சாய்ந்திருக்கிறது. அட்டைப் பெட்டி என்பதால் எனக்குச் சாய்வு மேல்தான் சந்தேகம். எஃப் 4.5இல் பிலிம் தளத்துக்கு இருக்கிற சலுகை (நகர்ந்தாலும் கூர்மை கெடாத அளவு) இரு பக்கமும் 0.2 மி.மீ. சொச்சம், எஃப் 16இல் 0.8. அதனால் முழுத் திறப்பில் வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். சோதனையில் ஒட்டுநாடா தொய்யவும் கூடாது, தேய்த்த கண்ணாடித் துண்டு இருந்தால் அதன் சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்க்கட்டும்.

இன்னும் துல்லியம் வேண்டுமானால் ஒரு எஸ்எல்ஆரில் நீள லென்ஸை முடிவிலியில் வைத்து, உங்கள் லென்ஸுக்கு முன்னால் நிறுத்தி, அதன் வழியே உங்கள் பிலிம் தளத்தைப் பாருங்கள். அங்கே ஒரு கோடு கீறி, பின்னாலிருந்து விளக்கடியுங்கள். கோடு கூர்மையாகத் தெரிகிற நிலைதான் உங்கள் முடிவிலி. தூரத்தில் கோபுரம் தேடி வெயிலில் நிற்க வேண்டாம், மேசையிலேயே முடிந்துவிடும்.

கருப்புவெல்வெட்:
பெட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. த்ரீடி பிரிண்ட் தாராளமாகப் போதும், சுவர் 3 மி.மீ. கனமாவது இருக்கட்டும், அடுக்குகளுக்கு நடுவே நுண்துளை விழும் என்பதால் உள்ளே மட் கருப்பு வண்ணம் அடியுங்கள். பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம். 60 பாகை செல்சியஸுக்குப் பக்கத்தில் இளகும், வெயிலில் மூடிக் கிடக்கிற காரில் ஒரு மதியம் இருந்தால் நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த ஷிம் எல்லாம் வீண். பிஇடிஜி எடுங்கள். லென்ஸ் பலகையை மட்டும் அலுமினியத்தில் வெட்டுவது என் பழக்கம்.

பேக் உட்காரும் இடத்தை நீங்களே வரையாதீர்கள். செத்துப்போன ஆர்பி உடம்பிலிருந்து பேக்கைப் பிடிக்கும் சுழலும் அடாப்டர் மட்டும் கிடைத்தால் அதைப் பெட்டியில் திருகிவிடுங்கள், பூட்டும் வெளிச்சத் தடுப்பும் ஒரே அடியில் முடிந்தது. வெளிச்சத்தைத் தடுக்கும் நுரை பிசுபிசுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். முதல் ரோலில் புகை (வெளிச்சம் கசிந்த கறை) விழுந்தால் நெகட்டிவின் ஓரத்தைப் பாருங்கள்: படச் சட்டத்துக்குள் மட்டும் இருந்தால் ஓட்டை பெட்டியில் அல்லது ஷட்டரில், ஓரம் வரை பரவியிருந்தால் பேக்கில்.

வியூஃபைண்டருக்கு நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், கம்பியே போதும். 28×35 மி.மீ.க்கு ஒரு சட்டம் வளைத்து, கண் வைக்கும் துளையிலிருந்து 52.5 மி.மீ. முன்னால் நிறுத்துங்கள். பிலிம் அளவிலும் குவியத் தூரத்திலும் சரிபாதி, அதனால் கோணம் அப்படியே பொருந்தும். லென்ஸுக்கு நேர் மேலே வையுங்கள், இடமாறு பிழை (கண்ணும் லென்ஸும் பார்ப்பதில் வரும் வித்தியாசம்) ஒரு திசையில் மட்டும் இருக்கும். இந்தக் கேமராவில் ஷட்டருக்கும் பிலிம் நகர்த்தலுக்கும் தொடர்பே இல்லை, அதனால் எடுத்த உடனே பிலிமை நகர்த்திவிடுங்கள். பேக்கில் பிலிமை மூடும் தகடான டார்க் ஸ்லைடை உருவிய பிறகுதான் கம்பிச் சட்டம் எழும்பும்படி ஒரு தடுப்பு வைத்தால் இன்னும் நல்லது, அதை வரைந்து இங்கே போடுகிறேன்.