கறிவேப்பிலைச் சாறு கரையவில்லை, சுண்டெலி ஆய்வு செய்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். கறிவேப்பிலையின் எத்தனால் சாறு சுண்டெலிகளுக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கிறதா என்பதுதான் என் முதுகலை ஆய்வு. விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்துவிட்டது.

நிழலில் உலர்த்திய இலையைப் பொடித்து ஊறவைத்து, வடிகட்டி ஆவியாக்கினால், கரும்பச்சையாகத் தார் மாதிரி பிசுபிசுப்பாக வருகிறது. மருந்து அடியில் தங்காமல் இருக்கச் சேர்க்கும் கெட்டிப்பொருளான கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸின் 0.5 சதவீதக் கரைசலில் எவ்வளவு கலக்கினாலும் சிரிஞ்சின் அடியில் கட்டி தங்கிவிடுகிறது. ஒவ்வொரு எலிக்கும் ஒவ்வொரு அளவு மருந்து போனால் முடிவை எப்படி நம்புவது? எண்ணெய்ப் பசையை நீரோடு கலக்க உதவும் ட்வீன் 80 சேர்த்தவர்கள் எத்தனை சதவீதம் சேர்த்தீர்கள்? கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அதே கலவையைத்தான் கொடுக்கப் போகிறேன்.

அப்புறம் இன்னொன்று. கொலஸ்ட்ராலை ஹெச்டிஎல்லிலிருந்து (‘நல்ல’ கொலஸ்ட்ரால்) எல்டிஎல் (‘கெட்ட’ கொலஸ்ட்ரால்) பக்கம் மாற்றும் சிஇடிபி என்ற புரதம் சுண்டெலிக்குக் கிடையாது. அதன் ரத்தக் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் ஹெச்டிஎல்லில்தான் இருக்கும். அதனால், மற்ற ரத்தக் கொழுப்பு அளவுகளிலிருந்து எல்டிஎல்லை மதிப்பிடும், மனிதர்களுக்கான ஃப்ரீடுவால்ட் சூத்திரத்தை வைத்துக் கணக்கிட எனக்கு மனம் ஒப்பவில்லை. கிடைக்கும் சீரமோ (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) மிகக் கொஞ்சம். நேரடியாக எல்டிஎல் அளக்கும் கிட் பயன்படுத்தியவர்கள், ஒரு சோதனைக்கு எத்தனை மைக்ரோலிட்டர் தேவைப்பட்டது என்று சொல்லுங்கள்.

அடுத்த வாரம் மருந்து கொடுக்கத் தொடங்க வேண்டும். இந்த உயிர்கள் வீணாகப் போகக் கூடாது என்பதால்தான் முன்கூட்டியே கேட்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.