களிமண் தோப்பில் சின்ன மர வீடு: கடைக்காலா, பைலா?

தோப்புக்காரன்:
திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பில் 20-க்கு 15 அடியில் அம்மாவுக்கு ஒரு மர வீடு கட்டப்போகிறேன். நிலம் சுத்தக் களி. சித்திரையில் விழும் வெடிப்பில் தென்னை மட்டையைச் செருகினால் பாதி உள்ளே போய்விடும். கொத்தனார் கருங்கல் கடைக்கால் போடச் சொல்கிறார். தச்சரோ நாலு தூண் நட்டால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

கொத்தனார் மகன்:
கடைக்கால்தான் தம்பி. மூன்றடி ஆழத்துக்கு வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டி, மணல் கொட்டித் தண்ணீர் விட்டு இறுக்கி, கருங்கல் கட்டி, மேலே சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் பீம் போடுங்கள். பேஸ்மட்டம் மூன்றடி உயரம் இருக்கட்டும். கார்த்திகையில் வயல் தண்ணீர் தோப்புக்குள் ஏறினாலும் அம்மா நிம்மதியாகத் தூங்குவார்கள். அப்பா காலத்திலிருந்து இந்த மண்ணில் இப்படித்தான் கட்டுகிறோம்.

மன்னார்குடி பொறியாளர்:
செங்கல் வீட்டுக்கு அது சரி அண்ணே. மர வீட்டுக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். களி மழையில் உப்பி மேலே தள்ளும், கோடையில் சுருங்கி இறங்கும். கனமான வீடு அதை ஓரளவு அழுத்திப் பிடிக்கும். மர வீட்டுக்கு அந்தப் பாரம் ஏது? ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டால் கதவு சாத்தாது. அதோடு, களிக்குள் கொட்டிய மணல் தொட்டி மாதிரி தண்ணீரைத் தேக்கி வைத்து, அடியில் உள்ள களியை இன்னும் ஊறவைக்கும்.

ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இப்படி உப்பும் மண்ணுக்காகவே அண்டர்ரீம்டு பைலை, அதாவது மண்ணுக்குள் இறங்கி அடியில் குமிழாக விரியும் கான்கிரீட் தூணை, உருவாக்கியது. ஆகரால் (மண்ணைத் திருகித் துளைக்கும் கருவி) ஒரு அடி அகலத்துக்குத் துளை போட்டு, மூன்றரை மீட்டர் ஆழத்துக்கு இறங்க வேண்டும். மேல் மண் ஈரத்துக்கு ஏற்ப அசைந்தாலும் அந்த ஆழம் பெரிதாக அசையாது. அடியில் துளையைப் போல இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குமிழாகக் குடைந்து, கம்பி இறக்கிக் கான்கிரீட் போட வேண்டும். களி தூக்கினாலும் குமிழ் விடாது. பைல்களின் தலையை இணைக்கும் பீமுக்கும் தரைக்கும் நடுவே மூன்று அங்குலமாவது இடைவெளி விடுங்கள், களி உப்பினால் பீமைத் தள்ளாது.

கொத்தனார் மகன்:
களிக்குக் கீழே மணல் வந்தால் என்ன செய்வீர்கள்? கடற்கரைப் பக்கம் ஒரு வேலையில் காலையில் குடைந்த குழி மதியச் சாப்பாட்டுக்குள் பாதி மூடிப்போனதை நானே நின்று பார்த்தேன். உள்ளே கான்கிரீட் ஒழுங்காக இறங்கியதா என்று யார் பார்ப்பது? கடைக்கால் என்றால் கல் கல்லாகக் கண்ணுக்குத் தெரியும்.

மன்னார்குடி பொறியாளர்:
அது நியாயம். மணலில் குமிழ் நிற்காது. அதனால்தான் முதலில் ஒரு சோதனைத் துளை போட்டுப் பார்க்க வேண்டும்.

வேதாரண்யத்தான்:
காற்றைப் பற்றி யாருமே பேசவில்லையே. 2018 நவம்பர் 16 கஜா எங்கள் ஊர்ப் பக்கம்தான் கரையேறியது. எங்கள் மாட்டுக் கொட்டகை சவுக்குக் கால்களோடு பிடுங்கிக்கொண்டு அடுத்த கொல்லையில் கிடந்தது. கால் மண்ணுக்குள் இருந்தும் அந்தக் கதி. தூண் மேல் சும்மா உட்காரவைத்த வீட்டின் அடியில் காற்று புகுந்தால்? பைலோ கல்லோ, அஸ்திவாரத்திலிருந்து கூரைச் சட்டம் வரை விட்டுப்போகாமல் இரும்புப் பட்டை போட்டு போல்ட் முடுக்குங்கள். பட்டை துத்தநாகம் பூசியதாக இருக்கட்டும், உப்புக் காற்று சாதா இரும்பைத் தின்றுவிடும். மரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே விளிம்பு மடங்கிய தகடு வையுங்கள், கரையான் ஒளிந்து ஏற முடியாது.

கொத்தனார் மகன்:
பேஸ்மட்டத்தில் அடியில் காற்றே புகாது. நான் சொன்னது அதற்கும் சேர்த்துத்தான்.

மன்னார்குடி பொறியாளர்:
கூரையைத் தூக்கும் காற்றை பேஸ்மட்டம் தடுக்காது அண்ணே. தம்பி, உங்கள் களி எவ்வளவு உப்பும் என்று தெரிய, இரண்டு அளவுக் குழாயில் காய்ந்த களித்தூளைச் சலித்துப் பத்துப் பத்து மில்லி போடுங்கள். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது, அதனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உப்பல்.

தோப்புக்காரன்:
பார்த்துவிட்டேன். மண்ணெண்ணெயில் தூள் பத்திலேயே நிற்கிறது. தண்ணீரில் பதினேழுக்கு வந்துவிட்டது. வைகாசி பிறந்ததும் சோதனைத் துளை போடுகிறேன், மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வருவதற்குள். கொத்தனார் அண்ணே, மணல் வருகிறதா என்று நீங்களே நின்று பார்த்துச் சொல்லுங்கள். மணல் வந்தால் மறுபடியும் இங்கே வந்து கேட்கிறேன்.